மருதை தெரு

செம்பியன்துறையில், ஐஸ் கம்பெனியின் பின்சுவருக்கும் கழிமுகத்துக்கும் நடுவே, நண்டு வளைகளும் கரை ஒதுங்கிய தெர்மாகோல் துண்டுகளும் தவிர வேறெதுவும் இல்லாத சேற்றுத் திட்டில், மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு தெரு இருந்தது. முந்தின நாள் அது இல்லை. முதலில் அதைப் பார்த்தவர் பால்காரர் தேசிங்கு. அவர் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை. புதுத் தெரு என்றால் புது வாடிக்கை என்று உள்ளே திருப்பி, மணியடித்துக்கொண்டே கடைசிவரை போய், எந்த வீட்டிலும் வாசல் இல்லாததைப் பார்த்துவிட்டு அதே வேகத்தில் திரும்பி வந்து டீக்கடையில் சொன்னார்: "தெரு என்னமோ நல்லாத்தான் இருக்கு. கதவுதான் வெக்கல."

கதவு ஏன் இல்லை என்று சந்திரமதிக்குத் தெரியும். அவள் கதவு வரையவில்லை.

சந்திரமதி கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தர். கல்யாணம் ஆன வருஷமே திரும்பி வந்தவள். தம்பி தணிகாசலத்தின் வீட்டு மாடியில் ஓர் அறை அவளுடையது. தம்பிக்குக் கடைத்தெருவில் பெயின்ட் கடை. வீட்டில் அவள் சமைத்தாள், தம்பி பெண்டாட்டி ஊருக்குப் போனால் கடைக்கும் சோறு எடுத்துப்போனாள், பண்டகசாலையில் மூட்டைக் கணக்கை ஒழுங்காக எழுதினாள். இரண்டு இடத்திலும் யாரும் அவளை ஒரு குறை சொன்னதில்லை; வேறெதுவும் சொன்னதுமில்லை. நாற்பத்தேழு வயதுவரை அப்படிப் போயிற்று. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எவரும் பார்க்கலாம் எவரும் வரையலாம் என்று உலகத்துக்கே திறந்துபோட்டிருந்த ஒரு வரைபடத்தைப் போனில் பார்த்தாள். அதில் செம்பியன்துறை இருந்த இடத்தில் ஒரு கோடும் அதன் இரு பக்கமும் வெறும் வெள்ளையும் மட்டுமே இருந்தன. நாங்கள் இவ்வளவு பேர் இங்கே இருக்கிறோமே என்று அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்திலேயே மாரியம்மன் கோயில் தெருவை வரைந்தாள். மறுநாள் ஒரு செய்தி வந்திருந்தது: 'வருக. சுத்தமான வேலை. வளைவுகளைப் பொறுமையாகப் போட்டிருக்கிறீர்கள். இப்படிக்கு, கல்தச்சன்.'

அதை அவள் பேருந்தில் படித்தாள். படித்துவிட்டு மறுபடி படித்ததில் இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு, வெயிலில் திரும்பி நடந்து வந்தாள். நடந்தது அவளுக்குக் கஷ்டமாகவே இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தெரு. ஒவ்வொரு தெருவுக்கும் எங்கிருந்தோ ஒரு வார்த்தை. திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனி மேற்பார்வையாளர் ஒருவர், மலேசியாவில் ஒரு நர்ஸ், தமிழ் ஓரெழுத்தும் தெரியாத எங்கோ பனிநாட்டு மாணவன் ஒருவன், இவர்கள் எல்லாம் அவள் விட்ட இடத்தில் தொடர்ந்தார்கள், அவர்கள் விட்ட இடத்தில் அவள் தொடர்ந்தாள். யாரும் யாருக்கும் கூலி கொடுக்கவில்லை. யார் முகமும் யாருக்கும் தெரியாது. கல்தச்சன் மட்டும் தன்னைப்பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தார். திண்டுக்கல் பக்கம் ஓய்வுபெற்ற சர்வேயர். 'எங்கே கல் நடச் சொன்னார்களோ அங்கே நட்டே என் உத்தியோகம் முடிந்தது. இங்கே கல்லை எங்கே நடவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்வதில்லை அம்மா. அதற்காகத்தான் வருகிறேன்.'

அந்த வருஷத்துப் புயலில் உப்பளக் குப்பத்தைக் கடல் எடுத்துக்கொண்டது. குப்பத்து ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கவேண்டும் என்றதும் மீன் ஏலக் கொட்டகையில் வைத்தார்கள். ஏலம் நடக்கவேண்டும் என்றதும் எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கருவாடு விற்கிற காத்தாயி நிவாரண அரிசி வாங்க பண்டகசாலைக்கு வந்தபோது, விலாசம் கேட்டாள் சந்திரமதி. வழக்கமாகக் கேட்பதுதான்.

"வெலாசமா? கடல்ல போட்டுக் கேளு, வெலாசம் சொல்லும்" என்றாள் காத்தாயி. பிறகு அவளாகவே, "ஒன்னச் சொல்லி என்ன பண்றது தாயீ, நீ போடு, ஏலக் கொட்டாய், மூணாவது தூணு" என்றாள்.

அன்று சாயங்காலம் சந்திரமதி தப்பு என்று தெரிந்தே அதைச் செய்தாள். தரையில் இருப்பதை மட்டும் வரை என்பதுதான் அந்த வரைபடத்தின் முதல் விதி, ஒரே விதி என்றுகூடச் சொல்லலாம். அவள் தரையில் இல்லாததை வரைந்தாள். ஐஸ் கம்பெனிச் சுவரிலிருந்து கழிமுகம்வரை ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் குப்பத்துக் குடும்பங்கள் எத்தனையோ அத்தனை கட்டங்கள். ஒரு குடிநீர்க் குழாய். வரைந்து முடித்துச் சேமித்தாள். நாளைக்கு யாராவது பார்த்து அழித்துவிடுவார்கள், ஒரு ராத்திரியாவது இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு கீழே போய்த் தோசைக்கு மாவு கரைத்தாள்.

காலையில் தெரு இருந்தது.

குப்பத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வந்து, சுவரைத் தட்டிப்பார்த்து, கெட்டியாக இருக்கிறது என்று கண்டு, கடப்பாரை வாங்கிவந்து அவரவர் வசதிக்கு வாசல் உடைத்துக்கொண்டார்கள். தெற்கே காற்று வரும் என்று சிலர் தெற்கே உடைத்தார்கள், பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் எதிர்ப்பக்கம் உடைத்தார்கள். வீடுகள் எல்லாம் வரைபடத்தில் இருக்கிற அதே வெளிர்ப் பழுப்பு. சாலை வெள்ளை, ஓரத்தில் மெல்லிய சாம்பல் கரை. ஒரே ஒரு சங்கடம் இருந்தது. தெருவைவிட்டு விலகிப் போகப்போக வீடுகள் மங்கி, ஊர்ப்பக்கப் பாலத்துக்கு மேலேறித் திரும்பிப் பார்த்தால் சாலைக்கோடு மட்டும் தெரியும், இன்னும் தள்ளிப்போனால் அதுவும் தெரியாது. புதிதாக வந்தவர்கள் பயந்தார்கள். காத்தாயிக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. "தூரத்துலேர்ந்து பாத்தா எங்க வூடு யாருக்குத்தான் தெரிஞ்சிது?" என்றாள்.

ஊரும் சீக்கிரமே பழகிக்கொண்டது. இருக்கிற தெருவை இல்லை என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை. தேசிங்கு பால் ஊற்றினார். லைன்மேன் வந்து, கம்பம் இல்லாமல் எப்படி இழுப்பது என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். சந்திரமதி செய்தி அனுப்ப, திருப்பூர்க்காரர் அன்று மாலையே கம்பங்களை வரைந்தார். நர்ஸ் வீட்டுக்கொரு வேப்பமரம் வைத்தாள். பனிநாட்டுப் பையன் சாக்கடையின் வாட்டத்தைச் சரிசெய்தான். கவுன்சிலர் ரிப்பன் வெட்டி, தன் பெயர் பொறித்த கல் ஒன்றைத் தெருமுனையில் நட்டார். சந்திரமதி கல்தச்சனிடம் நடந்ததை மறைக்காமல் எழுதினாள். அவர் பதில் எழுத நாளாயிற்று. 'விதிப்படி நீங்கள் செய்தது தவறு. ஆனால் தரை உங்கள் பக்கம் வந்துவிட்டது. இப்போது அந்தத் தெரு தரையில் இருக்கிறது. இருப்பதை நாம் வரைந்திருக்கிறோம். இனி அதைப் பார்த்துக்கொள்வது நம் வேலை.'

அவளுடைய வாழ்க்கையில் அதுதான் நல்ல காலம். வேலை முடிந்து தெருவுக்குள் நடந்தால் பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வருவார்கள். "தாயீ, எங்கூட்டுக்கு ஒரு ஜன்னலு போட்டுக் குடேன்." "யம்மா, கொழாய இப்புடித் தள்ளி வெக்கக்கூடாதா?" காத்தாயி சுட்ட கருவாட்டை இலையில் வைத்து நீட்டுவாள், அவள் தின்னும்வரை எதிரில் உட்கார்ந்து பார்ப்பாள்.

மாசியில் காத்தாயியின் புருஷன் மருதை செத்துப்போனார். நெஞ்சுவலி; ஒருநாள்கூடப் படுக்கவில்லை. பிணத்தை ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகவேண்டும் என்றால் கடைத்தெரு வழியாகத்தான் போகவேண்டும். உப்பளத்துப் பிணம் கடைத்தெரு வழியாகப் போன வழக்கம் இல்லை என்று பெரிய மனிதர்கள் பாலத்தருகே நின்றுகொண்டார்கள். குப்பம் இருந்தவரை புதைக்க அவர்களுக்குக் கடற்கரை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. காத்தாயி பண்டகசாலைக்கு ஓடிவந்து, கவுன்ட்டருக்கு வெளியே நின்று, அழாமல், மூச்சு வாங்கச் சொன்னாள்: "தாயீ, அவருக்கு ஒரு எடம் போட்டுக் குடு. ஆறடி போதும்."

சந்திரமதி அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்றபடியே தெருவின் கடைசியில் ஒரு சின்ன இடுகாட்டை வரைந்தாள். காத்தாயி வீடு திரும்பும்போது அது இருந்தது, மண் காய்ந்து, வெட்டுவதற்குத் தோதாக. மருதையை அங்கே புதைத்தார்கள். தெருவில் செத்த முதல் ஆள் என்பதால் தெருவுக்கு அவர் பெயரையே வைக்கலாம் என்று ஜனங்கள் சொன்னார்கள். அதுவரை பெயரில்லாமல் இருந்த கோட்டின்மேல் சந்திரமதி எழுதினாள்: மருதை தெரு.

ஊருக்கு அதுவரை தெரு பொறுக்கக்கூடியதாக இருந்தது. பெயர் பொறுக்கக்கூடியதாக இல்லை.

கழிமுகத் திட்டு எங்கள் தாத்தா காலத்துத் தரை என்று இரண்டு பேர் சொன்னார்கள், பிறகு இருபது பேர் சொன்னார்கள். ஒரு வாரத்தில் வரைபடத்தில் தெருவின் பெயர் மாறியிருந்தது. கடைத்தெருப் பெரிய மனிதர்களின் சாதிப் பெயர் அதில் உட்கார்ந்திருந்தது. மாற்றியவன் பெயர் 'வேல்முனை'. அன்று காலை தெருமுனையில், இதுவரை இல்லாத ஓர் இரும்புப் பலகை முளைத்திருந்தது, அந்தப் பெயரோடு. கல்தச்சன் பழைய பெயரைத் திரும்பப் போட்டார், பலகை மறைந்தது. வேல்முனை மறுபடி மாற்றினான். இப்படி மாற்றமாற்ற, தெருவுக்குள் வீடுகள் ஆடின. பெயர் மாறும் கணத்தில் சுவர்கள் விதிர்விதிர்த்து, பரணிலிருந்து பாத்திரம் உருண்டது. தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் வீரிட்டன. ஜனங்கள் அதற்கும் பழகினார்கள். பாத்திரங்களைத் தரையில் வைத்துப் புழங்கினார்கள். கர்ப்பிணிகளை வாசலில் படுக்கவைத்தார்கள். ஒரு நடுக்கம் வந்தால், "பேர மாத்துறானுவோ" என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தார்கள்.

வேல்முனை யார் என்று சந்திரமதிக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெரிந்தது. தணிகாசலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இடது கையில் போன். அவன் முகம் அவள் இத்தனை வருஷத்தில் பார்க்காத மாதிரி விரிந்திருந்தது. ரசம் ஊற்றக் குனிந்தவள் திரையைப் பார்த்தாள். கோடு, கட்டங்கள், கழிமுகத்தின் நீலம்.

"நீயாடா?" என்றாள்.

அவன் மறைக்கவில்லை. மறைக்கவேண்டிய காரியமாக அது அவனுக்குத் தோன்றவும் இல்லை.

"பின்ன யாரு செய்யறதுக்கா? நம்ம சாதிச் சங்க குரூப்ல அத்தினி பேரு இருக்கானுங்க, ஒருத்தனுக்கும் இத நோண்டத் தெரியல. நானே கத்துக்கிட்டேன்." போனை அவள் பக்கம் திருப்பினான். "பாரு. சூப்பர் தம்பின்னு போட்டுருக்கார், யாரு தெரியுமா, மாவட்டச் செயலாளரு. சிங்கப்பூர்லேர்ந்து ஒருத்தர் போன் பண்ணிப் பேசினாரு. நாப்பது வயசாச்சு, கடையில உக்காந்து டப்பாவ எண்ணிக்கிட்டுக் கெடந்தேன். என்னைய ஒருத்தன் நல்லா பண்றேன்னு சொன்னதே இல்ல, தெரியுமா ஒனக்கு?"

சந்திரமதி ரசக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். அதே முகத்தோடுதான் ஒருநாள் வெயிலில் ஒரு நிறுத்தம் தூரம் திரும்பி நடந்து வந்திருந்தாள்.

"அங்க கொழந்தைங்க இருக்குதுடா தணிகா. ஒவ்வொரு தடவ நீ மாத்தும்போதும் சொவரு ஆடுது."

"அப்ப அவங்கள மாத்தாம இருக்கச் சொல்லு. அந்தக் கெழவனோட பேர எடுத்துட்டா நான் ஏன் மாத்தப்போறேன்?"

"காத்தாயிகிட்ட நான் எப்புடிடா கேப்பேன்?"

"அதான பாத்தேன்" என்றான் தணிகாசலம். "எங்களவிட அவங்கதான் ஒனக்கு ஒசத்தி."

அவள் கல்தச்சனுக்கு எழுதினாள். தம்பி என்பதை மட்டும் எழுதவில்லை. கல்தச்சன் களைத்திருந்தார். காலையும் மாலையும் உட்கார்ந்து பெயரைத் திரும்பத் திரும்பப் போட்டதில் கண் வீங்கிவிட்டதாக எழுதினார். இந்தச் சண்டையை நாம் இருவர் முடிக்கமுடியாது, மேலே இருக்கிற நடுவர்களிடம் கொண்டுபோகிறேன், அவர்கள் நியாயமானவர்கள், சம்பளம் வாங்காமல் நியாயம் பார்க்கிறவர்கள் என்று எழுதினார்.

நடுவர் எங்கோ ஒரு தேசத்தில் இருந்த பெண்மணி. அவர் நிதானமாக, ஒரு பக்கமும் சாயாமல் விசாரித்தார். யார் பெயர் சரி என்று பார்க்குமுன் தெருவைப் பார்க்கவேண்டும் என்று வானிலிருந்து எடுத்த படத்தைத் திறந்தார். படம் புயலுக்கு முன்பு எடுத்தது. அதில் சேறும் நண்டு வளைகளும்தான் இருந்தன. சந்திரமதி பதறிப்போய்த் தெருவைப் புகைப்படம் எடுத்து அனுப்பினாள்: வாசலில் காத்தாயி, வேப்பமரம், குழாயடிக் கூட்டம். இந்தக் காலத்தில் இப்படிப் படங்களை யாரும் உருவாக்கிவிடலாம் என்று நடுவர் மரியாதையாக எழுதினார். முதலில் வரைந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'நீங்கள் வரைந்த நாளில் இந்தத் தெரு தரையில் இருந்ததா?'

பண்டகசாலையில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் சந்திரமதி. இருந்தது என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். ஆனால் இந்த வரைபடத்தில் அவள் இத்தனை நாளாகப் போட்ட ஒவ்வொரு வளைவையும் ஒருவர் நம்பினார் என்பதுதான் அவளிடம் இருந்த ஒரே சொத்து. 'இல்லை' என்று எழுதினாள். 'ஆனால் இப்போது இருக்கிறது. தயவுசெய்து வந்து பாருங்கள்' என்று அதன்கீழே எழுதுவதற்குள், நடுவர் முதல் சொல்லோடு விசாரணையை முடித்துத் தெருவை அழித்துவிட்டார்.

அப்போது காலை பத்து மணி இருக்கும், உலை கொதிக்கும் நேரம். சத்தம் எதுவும் கேட்கவில்லை. சேற்றின்மேல் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவரவர் இருந்தபடியே, சிலர் அம்மிக் குழவியைப் பிடித்தபடி, சிலர் தலைக்கு எண்ணெய் வைத்தபடி. அவர்கள் கொண்டுவந்த பாத்திரம் பண்டமெல்லாம் இருந்தன. கட்டிலும் இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றில் அமிழ்ந்தபடி. வரைந்ததெல்லாம் போயிருந்தது. கவுன்சிலரின் கல் மட்டும், அதை நிஜமாகவே யாரோ கொத்தனார் நட்டதால், நின்றது.

காத்தாயி முதலில் வீட்டைப் பார்க்கவில்லை. தெருவின் கோடிப்பக்கம் பார்த்தாள். அந்தத் தரையே வரைந்த தரை. அதற்குள் புதைத்ததும் அதோடு போயிருந்தது.

சந்திரமதி சேற்றில் முழங்காலளவு இறங்கி ஓடிவந்தாள். எல்லார் கண்ணெதிரிலும் போனை எடுத்து மறுபடி வரைந்தாள், அதே கோடு, அதே கட்டங்கள். அவள் கணக்கை முடக்கியிருந்தார்கள். வேறு பெயரில் கணக்கு தொடங்கி வரைந்தாள். வரைபடத்தில் கோடு தெரிந்தது. சேற்றில் எதுவும் எழவில்லை. ஜனங்கள் மறுநாள் காலைவரை மூட்டைகளின்மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். அதற்குள் அந்தக் கோட்டையும் யாரோ அழித்திருந்தார்கள். திருப்பூர்க்காரர் முயன்றார், நர்ஸ் முயன்றாள். ஏன் வரவில்லை என்று எவருக்கும் தெரியவில்லை. கல்தச்சனிடமிருந்து ஒரே வரி வந்தது: 'நடுவரை அழைத்தவன் நான்தான்.' அதற்குப்பிறகு அவர் பெயரைத் தொட்டால், இப்படியொருவர் இல்லை என்று காட்டியது.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. தேசிங்கு பாலத்தோடு திரும்பிவிடுவார். அங்கே எப்பவும் சேறுதானே என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள், இரண்டு மாதம் கழித்து அதை உண்மையாகவே நம்பினார்கள். தணிகாசலம் அக்காவிடம் ஏதோ சொல்ல வந்து, "நான் தெருவ அழிக்கச் சொல்லலக்கா, பேரத்தான்..." என்று நிறுத்திக்கொண்டான். சில நாள் போனை எடுக்காமல் இருந்தான். பிறகு குரூப்பில் வேறொரு ஊரின் சண்டை வந்தது, எடுத்தான். உப்பளத்து ஜனங்களைச் செங்கல் சூளைக்காரன் லாரி வந்து ஏற்றிக்கொண்டுபோனது. காத்தாயி மட்டும் ஏறவில்லை.

"வூடு போனா மயிரே போச்சு" என்றாள் லாரிக்காரனிடம். "அவர எங்க வுட்டுட்டு நான் ஏறுவேன்?"

தண்ணீர் வடிகிற நேரங்களில் அவள் ஒரு மூங்கில் கழியோடு சேற்றில் இறங்கிக் குத்திக்குத்திப் பார்த்தாள். எங்கும் கழி ஒரே மாதிரி இறங்கியது. ஒரு மாதம் முழுக்கப் பார்த்திருந்துவிட்டு, சந்திரமதி ஒருநாள் வேலைக்குப் போகாமல் அவளோடு இறங்கினாள். அழித்த கோடுகளும் அந்த வரைபடத்தின் பழைய பக்கங்களில் எங்கோ கிடக்கும். இடுகாட்டின் நான்கு மூலைகளும் எந்த இடம் என்பதை அவள் தேடி எடுத்திருந்தாள். போனைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். காத்தாயி பின்னால் வந்தாள், ஒரு பந்து சாமந்தியை முந்தானையில் முடிந்துகொண்டு.

திரையில் அவர்கள் நிற்கிற இடம் ஒரு நீலப் புள்ளியாகத் தெரிந்தது. அது நிலையாக இல்லை. அவள் அசையாமல் நின்றாலும் அது ஐஸ் கம்பெனிப் பக்கம் நகர்ந்தது, தண்ணீர்ப் பக்கம் நகர்ந்தது, ஒரு தடவை கழிமுகத்துக்கு அக்கரையில் போய் நின்றுவிட்டு வந்தது. அவள் நாலடி இப்படி வைத்தாள், நாலடி அப்படி வைத்தாள். புள்ளியும் அவளும் ஒரு இடத்தில் சேரவேயில்லை. கடலேற்றம் தொடங்கி, காலடிக் குழிகளில் தண்ணீர் ஊறிற்று.

"எந்த எடம் தாயீ?" என்றாள் காத்தாயி. "தண்ணி வருது பாரு. சொல்லு. எந்த எடம்?"

சந்திரமதி இன்னொரு தரம் போனைப் பார்த்தாள். பிறகு அதை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து, மற்ற இடங்களைப் போலவே இருந்த ஓரிடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"இங்கதான்" என்றாள்.

"தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

காத்தாயி அந்த இடத்தில் சேற்றிலேயே உட்கார்ந்து முந்தானையை அவிழ்த்தாள்.